இரண்டு அறுவை சிகிச்சைகளுக்கு நடுவே

குழந்தையின் குரல் கரகரத்துப் போய், சளி காய்ச்சல் எல்லாம் விட்ட பிறகும் நான்கு வாரத்துக்கு மேல் அப்படியே இருந்தால், யாராவது ஒருவர் அதன் குரல்வளையைப் பார்த்தே ஆக வேண்டும். பதிவு நீளமானது, பாதியில் விட்டுப் போகிறவர்களுக்கும் இது போய்ச் சேரட்டும் என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வாயைத் திறக்கச் சொல்லி டார்ச் அடித்துப் பார்த்தால் குரல்வளை தெரியாது. உள்நாக்கு தெரியும், டான்சில் தெரியும், அவ்வளவுதான். குரல்வளை அதற்கும் கீழே, நாக்கின் அடிக்குப் பின்னால் இருக்கிறது. கேமரா உள்ள குழாயை உள்ளே விட்டால்தான் அங்கே என்ன இருக்கிறது என்று தெரியவரும்.

என் மகளுக்கு இருப்பது சுவாசப் பாதையில் திரும்பத் திரும்ப மருக்கள் முளைக்கும் நோய். மருத்துவமனையில் சுருக்கமாக ஆர்ஆர்பி என்பார்கள். எச்பிவி என்ற வைரஸால் வருவது. அந்த மருக்களுக்குப் பாப்பிலோமா என்று பெயர். புற்றுநோய் இல்லை. ஆனால் அவை முளைக்கும் இடம் குரல்நாண்கள். சின்னப் பிள்ளைக்கு மூச்சு போய்வரும் வழியில் மிகக் குறுகலான பகுதிகளில் அதுவும் ஒன்று. உள்ளங்காலில் வந்தால் யாரும் சட்டை செய்யாத ஒரு மரு, அங்கே வந்தால் மூச்சை அடைத்துவிடும்.

அவள் பாலர் பள்ளிக்குப் போகத் தொடங்கிய சமயத்தில் இது ஆரம்பித்தது. அந்த வயதில் எந்த வீட்டுப் பிள்ளைக்குத்தான் சளி இல்லை? ஒன்று இருமினால் வகுப்பு முழுக்க மூக்கு ஒழுகும். குரல் கம்மியபோது, "கத்திக் கத்தி விளையாடுது, தொண்டை கட்டிக்கிச்சு" என்றார்கள் வீட்டில். என் அம்மா சித்தரத்தையைத் தட்டிப் போட்டுக் கஷாயம் வைத்தார். பாலில் மிளகும் பனங்கற்கண்டும் போட்டுக் கொடுத்தார். வீட்டு வாசலில் தொட்டியில் இருந்த கற்பூரவல்லியில் இலையே மிஞ்சவில்லை. சிங்கப்பூரில் எங்கள் அடுக்குமாடி புளோக்குக்குக் கீழே இருந்த கிளினிக்கில் ஒவ்வாமை என்றார்கள். இன்னொரு கிளினிக்கில் ஆஸ்துமாவின் தொடக்கம் என்று சொல்லி மூச்சு மருந்து எழுதிக் கொடுத்தார்கள். அந்த மருத்துவர்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை. 1990களில் அமெரிக்காவில் எடுத்த ஒரு கணக்கின்படி ஒரு லட்சம் பிள்ளைகளில் நான்கு பேர் அளவுக்குத்தான் இந்த நோய் வந்தது. ஒரு பொது மருத்துவர் தன் வாழ்நாளில் ஒரு பிள்ளையைக்கூடப் பார்க்காமல் ஓய்வு பெற்றுவிடலாம். உலகம் முழுக்க இந்த நோயை முதலில் ஆஸ்துமா என்றும், குரல்வளை வீங்கி வரும் குரூப் இருமல் என்றும், கத்தியதால் குரல்நாணில் வந்த காய்ப்பு என்றும் நினைப்பதுதான் வழக்கமாக நடக்கிறது.

வேறு எதுவோ இருக்கிறது என்று முதலில் சொன்னவர் என் அம்மா. அவருடைய தம்பிக்கு, என் மாமாவுக்கு, சிறு வயதிலிருந்தே இளைப்பு, அதாவது ஆஸ்துமா. ராத்திரி பக்கத்தில் படுத்துக் கேட்டுக் கேட்டுப் பழகிய காது. "இளைப்புன்னா மூச்சை விடும்போதுதான்டி கொய்யுன்னு சத்தம் வரும். இவளுக்கு இழுக்கும்போது வருது பாரு. இது இளைப்பு இல்ல," என்றார். நானும் குனிந்து கேட்டேன். ஆமாம். மூச்சை உள்ளே இழுக்கும்போது மெல்லிய கீச்சொலி. வெளியே விடும்போது ஒன்றும் இல்லை.

அடுத்த முறை அரசாங்கப் பலதுறை மருந்தகத்தில் (பாலிகிளினிக்) அந்த ஒரு வாக்கியத்தை மட்டும் சொன்னேன்: சத்தம் மூச்சை இழுக்கும்போது வருகிறது. அந்த இளம் மருத்துவர் எழுதுவதை நிறுத்திவிட்டு, பிள்ளையின் சட்டையைத் தூக்கி, கழுத்துக் குழியையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். காது மூக்கு தொண்டைப் பிரிவுக்கு அன்றைக்கே அவசரக் கடிதம் எழுதினார். நுரையீரலுக்குள் இருக்கும் சின்னக் குழாய்கள் சுருங்கினால் மூச்சை விடும்போது சத்தம் வரும்; குரல்வளையில் அடைப்பு என்றால் இழுக்கும்போது வரும். நூற்றுக்கு நூறு இப்படித்தான் என்று சொல்ல முடியாது. ஆனால் ஒரு தாயோ பாட்டியோ வீட்டிலேயே கேட்டுச் சொல்லக்கூடிய அடையாளங்களில் இதைவிடப் பயனுள்ளது எனக்குத் தெரியவில்லை.

காது மூக்கு தொண்டைப் பிரிவில் மூக்கில் மரத்துப்போகும் மருந்தை அடித்துவிட்டு, நூடுல்ஸ் மாதிரி மெல்லிய குழாயை மூக்கு வழியாக உள்ளே விட்டார்கள். என் மடியில் உட்காரவைத்து நான் இறுகப் பிடித்துக்கொண்டேன். திரையில் எல்லாம் தெரிந்தது. குரல்நாண்கள் இரண்டும் வெள்ளை வெளேரென்று, நடுவில் முக்கோணமாகத் திறந்து மூட வேண்டும். அவளுக்கு வெள்ளையே தெரியவில்லை. இளஞ்சிவப்பில் பொடிப்பொடியாகக் கொத்து. மூச்சு போவதற்கு ஓரமாக ஒரு கீற்று. இந்தக் கீற்று வழியாகத்தானா என் பிள்ளை இத்தனை நாள் ஓடி விளையாடியது என்று நினைத்ததும் எனக்குக் கை நடுங்கியது.

எச்பிவியில் நூற்றுக்கும் மேற்பட்ட வகைகள் உண்டு. கருப்பை வாய்ப் புற்றுநோய்க்கு முக்கியக் காரணம் 16, 18 ஆகிய வகைகள். இந்த நோய்க்குக் காரணம் 6, 11 என்ற இரண்டு. பிறப்புறுப்பில் வரும் மருக்களில் பத்தில் ஒன்பதுக்கும் இதே இரண்டுதான் காரணம். 11ஆம் வகை கொஞ்சம் முரடு என்பார்கள். வேகமாக வளரும், கீழே பரவும் வாய்ப்பும் கூடுதல். சிறார்களிடம் பெரும்பாலும் இரண்டிலிருந்து நான்கு வயதுக்குள் நோய் கண்டுபிடிக்கப்படுகிறது. மூன்று வயதுக்குள் வந்தால் அடிக்கடி அறுவை சிகிச்சை தேவைப்படும். தொட்டாலோ, ஒரே தட்டில் சாப்பிட்டாலோ, பக்கத்தில் படுத்தாலோ ஒட்டுவதில்லை. அண்ணன் தம்பியைப் பிரித்துப் படுக்கவைக்க வேண்டாம், பள்ளியிலிருந்து நிறுத்த வேண்டாம்.

பிள்ளைக்கு இது எப்படி வருகிறது என்பதைச் சொல்லத்தான் நம் வீடுகளில் நாக்கு எழாது. பெரும்பாலும் பிரசவத்தின்போது தாயிடமிருந்து வருகிறது.

இதை மருத்துவர் விளக்கியபோது என் மாமியாரும் அறையில் இருந்தார். வீடு திரும்பும் வழியில் எம்ஆர்டி ரயிலில் யாரும் பேசவில்லை. இரண்டு நாள் கழித்து, அடுப்படியில், "அம்மாகிட்டேர்ந்து வந்ததுன்னா, உனக்கு எங்கேர்ந்தும்மா வந்துச்சு?" என்று கேட்டார். அவர் கொடுமைக்காரர் இல்லை. அந்தக் கேள்விக்கு வேறு உருவம் கொடுக்க அவருக்குத் தெரியவில்லை. என் கணவர் கூடத்திலிருந்து எழுந்து வந்தார். "அம்மா, இந்தக் கிருமி கல்யாணமான பாதிப் பேருக்கு மேல எப்பவாவது வந்துட்டுப் போறது. எனக்கு வந்து என்கிட்டேர்ந்து இவளுக்குப் போயிருக்கலாம். எப்ப, எப்படின்னு எந்த டெஸ்ட் வச்சும் கண்டுபிடிக்க முடியாது. இனிமே இந்த வீட்டுல இதை யாரும் கேக்கக் கூடாது," என்றார். அதற்குப் பிறகு அந்தப் பேச்சு எங்கள் வீட்டில் எழவில்லை. இப்போது ராத்திரி பேத்திக்குப் பக்கத்தில் படுத்து மூச்சைக் கேட்பது என் மாமியார்தான். "அத்தை, நீங்க தூங்குங்க, நான் பாத்துக்கறேன்" என்றால் கேட்க மாட்டார்.

எல்லா வீட்டிலும் கணவர் எழுந்து வருவதில்லை. அதனால் அந்தத் தாய்மார்களுக்காக இதை விரிவாகவே எழுதுகிறேன். உடலுறவு வாழ்க்கை உள்ள ஏறக்குறைய எல்லோருக்கும் வாழ்நாளில் ஒரு தடவையாவது எச்பிவி வந்துபோகிறது. பெரும்பாலோருக்கு ஓர் அறிகுறியும் இருக்காது. உடம்பே ஒன்றிரண்டு வருஷத்தில் அதை அடக்கிவிடும். ஒருவருக்கு இது வந்திருப்பதை வைத்து அவர் ஒழுக்கத்தைப் பற்றி எதுவும் சொல்ல முடியாது, கணவர் ஒழுக்கத்தைப் பற்றியும் சொல்ல முடியாது. கண்ணுக்குத் தெரிகிற மரு இருந்த தாய்மார்களின் பிரசவங்களை டென்மார்க்கில் கணக்கெடுத்துப் பார்த்தபோதே, ஆயிரம் பிரசவத்துக்கு ஏழு குழந்தைகளுக்குத்தான் இந்த நோய் வந்திருந்தது. மற்ற 993 குழந்தைகளுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஏன் இந்தக் குழந்தைக்கு மட்டும் என்பதில், அந்தக் குழந்தையின் எதிர்ப்பாற்றல் இந்த ஒரு வைரஸை அடையாளம் காணத் தவறுவதற்கும் பங்கு இருக்கிறது. "சிசேரியன் பண்ணியிருந்தா வந்திருக்காதே" என்று யாராவது ஒருவர் கட்டாயம் சொல்வார். சிசேரியனில் பிறந்த பிள்ளைகளுக்கும் இது வந்திருக்கிறது. இந்த நோயைத் தடுப்பதற்காக மட்டும் சிசேரியன் செய்யச் சொல்லி மருத்துவர்கள் பரிந்துரைப்பதில்லை.

சரி, சிகிச்சைக்கு வருகிறேன். வைரஸை உடம்பிலிருந்து துரத்தும் மருந்து இல்லை. மருக்களை அறுவை சிகிச்சையில் அகற்றுவார்கள். அவை மறுபடி வளரும். மறுபடி அகற்றுவார்கள். பார்வைக்கு நன்றாக இருக்கும் பக்கத்துச் சவ்விலும் வைரஸ் உறங்கிக்கொண்டிருக்கிறது, அதனால்தான் இப்படி. அமெரிக்காவின் அந்தப் பழைய கணக்கில் ஒரு பிள்ளைக்கு வருஷத்துக்குச் சராசரியாக நான்கு தடவைக்கு மேல், மொத்தத்தில் இருபது தடவை அளவுக்கு அறுவை சிகிச்சை நடந்திருந்தது. சராசரி என்பதால் இரண்டு மூன்றோடு நின்றவர்களும் அதில் உண்டு, நூறைத் தாண்டிய பிள்ளைகளும் உண்டு.

முதல் அறுவை சிகிச்சைக்கு முன்னால் நான் அறுவை மருத்துவரிடம், "டாக்டர், ஒண்ணு விடாம எடுத்துடுங்க" என்று கெஞ்சினேன். எந்தப் பெற்றவரும் அதைத்தான் கேட்பார். அவர் ஒரு தாளை எடுத்து, முக்கோணமாக இரண்டு கோடு போட்டார். கோடுகள் சேரும் முன்முனையைப் பேனாவால் தட்டிக் காட்டினார். இரண்டு குரல்நாண்களும் சேருகிற இடம் அது. அங்கே இரண்டு பக்கத்தையும் ஒரே தடவையில் சுரண்டினால், இரண்டு பச்சைப் புண்ணும் ஆறும்போது ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். நடுவில் சவ்வு போல் தழும்பு விழும். அப்புறம் மரு போனாலும் குரல் திரும்பாது. அதனால் ஒரு பக்கத்தை இன்றைக்குச் செய்வார். மறுபக்கத்தில் கொஞ்சத்தை வேண்டுமென்றே விட்டுவைத்து அடுத்த முறை எடுப்பார். "எவ்வளவு சுரண்டினாலும் வைரஸ் போகப் போறதில்ல. மரு ஒருநாள் தானா நிக்கலாம். நான் போடுற தழும்பு போகாது, அவகூடவே இருக்கும்," என்றார்.

இந்த நோயைப் பற்றி யார் என்ன சொல்லியிருந்தாலும், இந்தப் பேச்சுதான் எனக்கு வழி காட்டியது. முதலில் மூச்சு. இரண்டாவது குரல். மருவே இல்லாமல் துடைத்தெடுப்பது மூன்றாவதுகூட இல்லை. கைதேர்ந்த மருத்துவருக்கு எங்கே கையை நிறுத்த வேண்டும் என்று தெரிந்திருக்கும். மகளைப் பார்க்கும் மருத்துவரிடம் இன்றைக்கும் நான் முதலில் கேட்பது, "எதை விட்டுவச்சீங்க, ஏன்?" என்றுதான். அவர் படம் காட்டிச் சொல்வார். குரல்வளையையும் மூச்சுக்குழலையும் பல இடங்களாகப் பிரித்து, ஒவ்வொரு இடத்துக்கும் மரு இல்லையென்றால் 0, மேலாகப் படர்ந்திருந்தால் 1, மேடாக இருந்தால் 2, பெரிய கொத்தாக இருந்தால் 3 என்று மதிப்பெண் போடும் முறை ஒன்று உண்டு. அந்த மதிப்பெண்ணைக் கேட்டு வாங்கி ஒரு நோட்டில் தேதியோடு எழுதிவையுங்கள். நாலைந்து முறை ஆனதும் நோய் ஏறுகிறதா இறங்குகிறதா என்பது அதிலேயே தெரியும். வேறு மருத்துவரிடம் காட்ட நேர்ந்தாலும் அந்த நோட்டு பேசும்.

அறுவை அரங்கில் நடப்பதையும் தெரிந்துவைத்துக்கொள்வது நல்லது. மற்ற அறுவை சிகிச்சைகளில் மயக்க மருந்து நிபுணர் தொண்டைக்குள் குழாயைச் செருகி மூச்சைத் தன் கட்டுப்பாட்டில் வைத்துக்கொள்வார், அறுவை மருத்துவர் வேறு இடத்தில் வேலை செய்வார். இதில் இருவருக்கும் வேலை ஒரே சின்ன ஓட்டையில். குழாய் போட்டால் மரு மறைந்துவிடும். அதனால் பல நேரம் குழாய் இல்லாமல், பிள்ளை தானே மூச்சு விடும் அளவுக்கு மட்டும் மயக்கத்தை வைத்துக்கொண்டே செய்கிறார்கள். வாய் வழியாக ஓர் உலோகக் குழாயை நிறுத்தி, நுண்ணோக்கியில் பார்த்து, சுழலும் நுண்ணிய கத்தியால் மருவை நறுக்கி உறிஞ்சி எடுப்பார்கள். சில இடங்களுக்கு லேசர். லேசர் புகையில் வைரஸின் மரபணு இருக்கலாம் என்பதால் அரங்கில் உள்ளவர்கள் தனி முகக்கவசம் போட்டுக்கொண்டு புகையை உறிஞ்சி அகற்றுகிறார்கள். இதனால்தான் சிறார்களின் சுவாசப் பாதையைப் பார்த்துப் பழகிய குழு உள்ள மருத்துவமனைக்குப் போக வேண்டும் என்கிறேன். சிங்கப்பூரில் அதற்கு வழி இருப்பது நம் நல்வினை. கேகே மகளிர், சிறுவர் மருத்துவமனையிலும் தேசியப் பல்கலைக்கழக மருத்துவமனையிலும் சிறாருக்கான காது மூக்கு தொண்டை மருத்துவர்கள் இருக்கிறார்கள்.

சிகிச்சைக்கு முதல் நாள் ராத்திரிதான் வீட்டில் பாடு. மயக்கம் கொடுப்பதற்கு ஆறு மணி நேரத்துக்கு முன் திட உணவும் பாலும் நிறுத்த வேண்டும், இரண்டு மணி நேரத்துக்கு முன் தண்ணீரும். பசியில் அழும் பிள்ளைக்கு அழுகையே மூச்சுத் திணறலைக் கொண்டுவரும். அதனால் அவளைக் காலையில் சீக்கிரம் எழுப்பி, அனுமதித்த நேரத்துக்குள் தெளிந்த ஆப்பிள் சாறு கொடுப்போம். மயக்கக் கவசத்தை வீட்டிலேயே பழக்கினோம். செவிலியர் ஒருவர் பழைய கவசம் ஒன்றைக் கொடுத்திருந்தார். மகள் அதைத் தன் பொம்மைக்கு மாட்டி, "மூச்சு இழு, மூச்சு விடு, தூங்கு" என்று சொல்லி விளையாடுவாள். அரங்கின் வாசலில் இப்போதெல்லாம் அவளே கவசத்தைக் கையில் வாங்கி முகத்தில் வைத்துக்கொள்கிறாள். அந்த நேரத்தில் பெற்றோரில் ஒருவர் கூட இருக்கலாமா என்று கேளுங்கள். பல இடங்களில் அனுமதிக்கிறார்கள்.

தொண்டையில் ஓட்டை போட்டு மூச்சுக்குழாய் வைக்கும் முறையைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் உறவுகளில் யாராவது, "ஒரேயடியா அதைப் பண்ணிட்டா தொல்லை விட்டுது" என்பார்கள். உயிர் போகும் நிலையில் அதைச் செய்துதான் ஆக வேண்டும், அதில் தயக்கம் கூடாது. ஆனால் துளை போட்ட இடத்திலும் மூச்சுக்குழலிலும் மரு இறங்க அது வழிசெய்யலாம் என்பதால் முடிந்தவரை தவிர்க்கிறார்கள். நுரையீரல் வரை போவது நூற்றில் ஓரிருவருக்குத்தான் என்றாலும், போய்விட்டால் சிகிச்சை கடினம். அந்தக் கட்டாயம் வராமல் பார்த்துக்கொள்ள ஒரே வழி, மூச்சு முட்டும் வரை காத்திருக்காமல் முன்கூட்டியே போய் நிற்பது.

எப்போது போய் நிற்பது என்பதை மருத்துவமனை மட்டும் சொல்ல முடியாது. வீடு சொல்ல வேண்டும். மருத்துவர் அவளைச் சில வாரங்களுக்கு ஒரு முறை பார்க்கிறார். நாங்கள் தினமும் கேட்கிறோம். ஞாயிற்றுக்கிழமை காலையில் அவள் சோபாவில் நிமிர்ந்து உட்கார்ந்து, நன்றாக மூச்சை இழுத்து, ஒன்று, இரண்டு என்று ஒரே மூச்சில் எண்ணுவாள். நான் கைப்பேசியில் பதிவு செய்வேன். அறுவை சிகிச்சை முடிந்து குரல் தெளிந்த வாரங்களில் இருபதைத் தாண்டுவாள். மரு வளர வளர எண்ணிக்கை குறையும். முதலில் குரலின் கூர்மை போகும், அப்புறம் வார்த்தைகளுக்கு நடுவில் காற்று கசியும், அப்புறம் பன்னிரண்டில் மூச்சு வாங்குவாள். பன்னிரண்டு என்றால் அடுத்த நாளே அழைத்துச் சந்திப்பை முன்னுக்கு மாற்றிக்கொள்வோம். மருத்துவரே இந்தப் பதிவுகளைக் கேட்டு வாங்கி ஒன்றன்பின் ஒன்றாகப் போட்டுப் பார்க்கிறார். "மோசமா இருக்கு டாக்டர்" என்று நான் சொல்வதைவிட அது அவருக்குப் பயன்படுகிறது.

ராத்திரியில் பார்க்க வேண்டியது வேறு. தூங்கும்போது மூச்சை இழுக்கும் சத்தம் கேட்கிறதா, கழுத்துக் குழியும் விலா எலும்புகளுக்கு நடுவில் உள்ள தசையும் உள்ளே குழிகிறதா, தலையைப் பின்னால் சாய்த்து வாயைத் திறந்து தூங்குகிறாளா. விழித்திருக்கும்போது, சும்மா உட்கார்ந்திருக்கையில் கீச்சொலி வந்தாலோ, ஒரு வாக்கியத்தை முழுதாகச் சொல்ல முடியாமல் போனாலோ, உதடு நீலம் பாரித்தாலோ யோசிக்க ஒன்றும் இல்லை, ஆம்புலன்ஸுக்கு 995. வண்டி பிடித்துக் கிளம்பக் கூடாது. எங்கள் பையில் எப்போதும் அறுவை மருத்துவர் கையெழுத்திட்ட ஒரு பக்கக் கடிதம் இருக்கும்: இந்தப் பிள்ளைக்குக் குரல்வளையில் பாப்பிலோமா இருக்கிறது, காது மூக்கு தொண்டை மருத்துவரையும் மூத்த மயக்க மருந்து நிபுணரையும் உடனே அழைக்கவும் என்று. பள்ளியில் ஒரு பிரதி, தாத்தா பாட்டி வீட்டில் ஒரு பிரதி.

விடுப்பு ஒரு பெரிய தலைவலி. சிங்கப்பூர்க் குடியுரிமை பெற்ற பிள்ளைக்கு ஏழு வயது ஆகும் வரை பெற்றோர் ஒவ்வொருவருக்கும் வருஷத்துக்கு ஆறு நாள் குழந்தைப் பராமரிப்பு விடுப்பு. ஏழிலிருந்து பன்னிரண்டு வயது வரை இரண்டே நாள். எங்கள் பிள்ளைகளைப் போன்றவர்களுக்கு அந்த இரண்டு நாள் எந்த மூலைக்கு? நீண்டகால நோயுள்ள பிள்ளைகளின் பெற்றோருக்குத் தனி விடுப்பு வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. பணத்துக்கு மெடிஷீல்டு லைஃப் காப்புறுதி, மெடிசேவ் என்ற மருத்துவச் சேமிப்பு, பிள்ளையின் சிறார் மேம்பாட்டுக் கணக்கு என்று வழிகள் உண்டு. மருத்துவச் சமூக ஊழியரைப் பார்க்கக் கூச்சப்படாதீர்கள். அவர்கள் இதற்கென்றே இருக்கிறார்கள்.

தொடக்கநிலைப் பள்ளிக்குப் போனபோது நான் பயந்தது தமிழ் வகுப்பை நினைத்துத்தான். சத்தம் போட்டு வாசிக்க வேண்டும், வாய்மொழித் தேர்வு உண்டு, ஏப்ரலில் தமிழ்மொழி விழா வந்தால் கதை சொல்லும் போட்டி. வகுப்பில் ஒரு பையன் அவளைத் தவளை என்று கூப்பிட்டிருக்கிறான். அவள் அதற்குப் பிறகு பேசுவதையே குறைத்துக்கொண்டாள், கிசுகிசுக்க ஆரம்பித்தாள். கிசுகிசுப்பதும் குரல்வளையை இறுக்கும் என்று பேச்சுச் சிகிச்சையாளர் சொல்லியிருந்தார். அவளுடைய தமிழாசிரியரிடம் போய் எல்லாவற்றையும் விளக்கினேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "இவளுக்கு மட்டும்னு பண்ணா எல்லாரும் திரும்பிப் பாப்பாங்க. வகுப்புக்கே ஒரு மைக் வச்சிடுவோம், வாசிக்கிறவங்க எல்லாரும் அதுல வாசிக்கட்டும்," என்றார். இடுப்பில் மாட்டும் சின்ன ஒலிபெருக்கியும் காதோரம் வளையும் மைக்கும். பிள்ளைகளுக்கு அதில் வாசிக்க அடிதடி. மகள் முறை வந்தபோது அவளும் மாட்டிக்கொண்டு வாசித்தாள். அந்த ஆசிரியருக்கு நான் பட்டிருக்கும் கடனைத் தீர்க்க முடியாது.

வருஷத்துக்கு நான்கு அறுவை சிகிச்சைக்கு மேல் தேவைப்பட்டால், அல்லது மரு மூச்சுக்குழலுக்கு இறங்கினால், கூடுதல் மருந்தைப் பற்றிப் பேச வேண்டிய நேரம். மருவுக்குள்ளேயே ஊசியாகப் போடும் சிடோஃபோவிர் உண்டு. பெவாசிசுமாப் என்ற மருந்து புற்றுநோய்க்காக வந்தது. புது ரத்தக் குழாய்கள் முளைப்பதைத் தடுக்கிறது. மருக்களுக்கு ரத்த ஓட்டம் அதிகம் என்பதால் நரம்பு வழியாக ஏற்றினால் சிலருக்கு நன்றாகச் சுருங்கிவிடுகிறது. நிறுத்தினால் மறுபடி வளரக்கூடும். ரத்த அழுத்தத்தையும் சிறுநீரில் புரதத்தையும் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். இரண்டுமே இந்த நோய்க்கென்று பதிவான மருந்துகள் அல்ல. 2025 ஆகஸ்டில் அமெரிக்காவில் முதன்முதலாக இந்த நோய்க்கென்றே ஒரு மருந்துக்கு அனுமதி கிடைத்தது. தோலுக்கடியில் நான்கு ஊசி. 6, 11 வகைகளுக்கு எதிராக உடம்பின் எதிர்ப்பாற்றலைத் தூண்டிவிடுகிறது. சோதனையில் இருந்த 35 பேரில் 18 பேருக்கு அடுத்த ஒரு வருஷம் அறுவை சிகிச்சையே தேவைப்படவில்லை. இப்போதைக்குப் பெரியவர்களுக்கு மட்டும். பிள்ளைகளுக்கும் வரும் என்று நான் நம்புகிறேன். அதுவரை எங்கள் வேலை, இரண்டு அறுவை சிகிச்சைகளுக்கு நடுவில் உள்ள காலத்தை நீட்டுவது. ஆறு வாரமாக இருந்தது இப்போது பல மாதமாகியிருக்கிறது. பதின்ம வயது நெருங்கும்போது சிலருக்குத் தானாகவே அடங்குகிறது. யாருக்கு அடங்கும் என்று யாராலும் முன்கூட்டிச் சொல்ல முடியாது. அதனால் நான் பதின்மூன்று வயது என்று எந்தக் கணக்கும் வைத்துக்கொள்ளவில்லை.

இதையெல்லாம்விட எனக்கு ஆற்றாமையைத் தருவது, இது தடுக்கக்கூடிய நோய் என்பதுதான். 6, 11, 16, 18 ஆகிய நான்கு வகைகளையும் தடுக்கும் கார்டசில் ஊசி 2006லேயே வந்துவிட்டது. ஆஸ்திரேலியா 2007இல் பள்ளி மாணவிகளுக்கும் 2013இல் மாணவர்களுக்கும் அதைப் போடத் தொடங்கியது. அங்கே சிறாரிடம் இந்த நோய் 2012இல் லட்சத்துக்கு 0.16 என்று இருந்தது, 2016இல் 0.02 ஆகிவிட்டது. அந்த ஐந்து வருஷத்தில் நோய் வந்த பிள்ளைகளின் தாய்மாரில் ஒருவர்கூடக் கர்ப்பத்துக்கு முன் ஊசி போட்டவர் இல்லை.

சிங்கப்பூரில் 2019 ஏப்ரலில் உயர்நிலை 1 மாணவிகளுக்குப் பள்ளியிலேயே இலவசமாக எச்பிவி ஊசி போடத் தொடங்கினார்கள். நல்ல காரியம், எத்தனையோ பெண்களைப் புற்றுநோயிலிருந்து காப்பாற்றப் போகிறது. ஆனால் அப்போது தேர்ந்தெடுத்தது 16, 18 என்ற இரண்டை மட்டும் தடுக்கும் செர்வாரிக்ஸ். 6, 11 அதில் இல்லை. புற்றுநோய்தான் குறி என்று பார்த்தால் அந்த முடிவுக்கு நியாயம் இருக்கிறது. என் மகளின் குரல்வளையைத் திரையில் பார்த்த என்னால் அந்த நியாயத்தோடு நிற்க முடியவில்லை. 6, 11 இரண்டையும் சேர்த்து, ஆண் பிள்ளைகளுக்கும் போட வேண்டும். அந்தக் கிருமி பெண்களிடம் மட்டும் தங்கியிருப்பதில்லையே.

போன மாதம் என் சித்தப்பா மகள் வாட்ஸ்அப்பில் கேட்டாள்: "அக்கா, எனக்கு ஸ்கூல்லயே போட்டாச்சே, போதாதா?" அவளுக்கு வருகிற தையில் கல்யாணம். நான் உடனே கூப்பிட்டேன். பள்ளியில் போட்டது எந்த ஊசி என்று தடுப்பூசிப் பதிவில் பார்க்கச் சொன்னேன். செர்வாரிக்ஸ் என்றிருந்தது. கார்டசில் 9 ஒன்பது வகைகளைத் தடுக்கிறது, அதில் 6ம் 11ம் உண்டு. கூடுதலாக அதையும் போடலாமா, எத்தனை ஊசி என்று மருத்துவரிடம் கேட்டுக்கொள். பதினைந்து வயதுக்கு மேல் புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு ஆறு மாதத்தில் மூன்று ஊசி. கர்ப்பமாக இருக்கும்போது போட மாட்டார்கள், அதனால் தள்ளிப்போடாதே. 26 வயது வரை பெண்கள் எச்பிவி ஊசிக்கு மெடிசேவைப் பயன்படுத்தலாம், உனக்கு எது பொருந்தும் என்று அங்கேயே விசாரி என்றேன். "மாப்பிள்ளைகிட்ட எப்படிக்கா சொல்றது?" என்றாள். இந்தப் பதிவை எழுதி முடித்ததும் அனுப்புகிறேன், இரண்டு பேரும் சேர்ந்து படியுங்கள், அவரையும் ஊசி போட்டுக்கொள்ளச் சொல் என்றேன். அவள் கிளினிக்கில் நேரம் வாங்கிவிட்டாள், அடுத்த சனிக்கிழமை.